கூடைக்குள் முயல் சமத்தாக இல்லை

மூன்று நாள் விடுமுறை சேர்ந்து வந்தால் முயல் வளர்க்கிற வீடுகளில் ஒரு கேள்வி எழும். ஊருக்குப் போகிறோம், இதை என்ன செய்வது? இப்போதெல்லாம் அதற்குச் சட்டென்று கிடைக்கிற பதில், "கூடவே கூட்டிட்டுப் போயிடலாம்" என்பதுதான். காரணங்களும் கைவசம் இருக்கின்றன. கையளவுப் பிராணி, குரைக்காது, கத்தாது, ஒரு கூடைக்குள் அடங்கிவிடும், இரண்டு காரட், ஒரு கட்டு கொத்தமல்லி இருந்தால் அதன் சாப்பாடு முடிந்தது, பின்சீட்டில் வைத்தால் ஊர் போய்ச் சேரும்வரை சமத்தாக உட்கார்ந்து வரும். எல்லாவற்றுக்கும் மேலாக, பிள்ளை மாதிரி வளர்த்துவிட்டு இரண்டு நாள் தனியே விட்டுப் போக யாருக்கு மனசு வரும்? இப்படியே பேசிப் பேசி, கூட்டிப் போகிறவர் பாசக்காரர், விட்டுவிட்டுப் போகிறவர் கல்நெஞ்சர் என்று ஒரு தராசு நம்மிடையே நிலைத்துவிட்டது. அந்தத் தராசில் எடைக்கல்லே தப்பு என்பது என் கட்சி. இரண்டு மூன்று நாள் பயணம் என்றால் முயலை அது இருக்கும் இடத்திலேயே இருக்கவிட்டு, காலையும் மாலையும் வந்து பார்க்க ஓர் ஆளை ஏற்பாடு செய்துவிட்டுப் போவதுதான் அதற்கு நாம் செய்யும் நன்மை. கூடத் தூக்கிக்கொண்டு போவதால் ஆறுவது பெரும்பாலும் நம் மனசு. முயலுக்கு அதில் கிடைப்பது அநேகமாக ஒன்றுமில்லை, இழப்பதோ நிறைய.

இந்தத் தப்புக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், நாயிடமிருந்து வந்திருக்கிறது. வீட்டுப் பிராணி என்றதும் நம் மனசில் முதலில் வந்து நிற்பது நாய். மற்ற எல்லாவற்றையும் அதை வைத்தே அளக்கிறோம். நாய் ஓநாய் வழி வந்தது. கூட்டத்தோடு அலைந்து திரிவது அதன் பிறவிக் குணம். மனிதனோடு அது சேர்ந்து பதினையாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகிறது. தன் ஆட்கள் பக்கத்தில் இருந்தால் புது ஊரும் அதற்குப் பாதி வீடுதான். முயலின் கதை வேறு. நம் வீடுகளில் வளர்வது, பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையிலும் செல்லப்பிராணிக் கடைகளிலும் விற்பது எல்லாமே ஐரோப்பியக் குழிமுயலின் வம்சம். ஸ்பெயின், போர்ச்சுகல், தெற்குப் பிரான்ஸ் பக்கத்து மண்ணில் வளை தோண்டி வாழ்ந்த ஜாதி அது. மேயப் போனாலும் வளையைவிட்டுச் சில நூறு மீட்டருக்கு அப்பால் பெரும்பாலும் போகாது. நரியோ பருந்தோ கண்ணில் பட்டால் ஓடி ஒளிய அந்த வளை எட்டுகிற தூரத்தில் இருந்தாக வேண்டும். தன் இடம் இது என்று அது அடையாளம் வைத்துக்கொள்வது வாசனையால். தாடைக்கு அடியில் அதற்கென்றே சுரப்பி இருக்கிறது. மேஜைக்கால், கதவோரம், உங்கள் செருப்பு என்று எல்லாவற்றிலும் தாடையைத் தேய்த்துக்கொண்டு போகிற முயலைப் பார்த்திருப்பீர்கள். பார்க்கக் கொஞ்சல் மாதிரி இருக்கும். நடப்பது பட்டா போடுகிற வேலை. அந்தப் பட்டா நிலம்தான் அதன் தைரியம். அதிலிருந்து பெயர்த்தெடுத்து ஒரு பிளாஸ்டிக் கூடையில் போட்டு, "நாங்கதான் கூட இருக்கோமே" என்று சொன்னால் நாயிடம் அது செல்லும். முயலிடம் செல்லாது.

பயந்தால் காட்டிக்கொள்ளாதா, கூடைக்குள் அமைதியாகத்தானே வருகிறது என்று கேட்பார்கள். இந்த அமைதியில்தான் வழக்கே இருக்கிறது. கூடைக்குள் இருக்கும் முயலைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். மூலையோடு ஒட்டி, வயிறு தரையைத் தொட, உடம்பு சப்பையாகப் படிந்திருக்கும். காதுகள் முதுகோடு சேர்ந்து கிடக்கும். கண் இமைக்காமல் விரிந்து, ஓரத்தில் வெள்ளை தெரியும். மூக்கு வேகவேகமாகத் துடிக்கும். சில சமயம் அந்தத் துடிப்பும் நின்றிருக்கும், அது இன்னும் மோசம். காரட்டை நீட்டினால் முகர்ந்துகூடப் பார்க்காது. ஓட வழியில்லை என்று தெரிந்துவிட்ட இரைப்பிராணி கையிலெடுக்கும் கடைசி உபாயம் இது: அசையாதே, மூச்சுக் காட்டாதே, வந்தவன் பார்க்காமல் போகட்டும். நாய் பயந்தால் ஊளையிடும், பூனை பயந்தால் சீறிப் பிறாண்டும், முயல் பயந்தால் வாயை மூடிக்கொள்ளும். மல்லாக்கப் படுக்கவைத்து வயிற்றைத் தடவினால் முயல் சொக்கிப்போய்க் கிடக்கும் என்று வீடியோக்களில் ஒரு வேடிக்கை காட்டுவார்கள். இங்கிலாந்தில் ஆன் மெக்பிரைடும் அவரோடு சேர்ந்தவர்களும் 2006இல் அதை ஆராய்ந்து பார்த்தார்கள். சொக்கிக் கிடப்பதாக நாம் நினைக்கும் முயலின் உடம்பு காட்டியது பயத்தின் அடையாளங்களைத்தான். கூடைக்குள் நடப்பது அதற்குப் பங்காளி முறை. பயந்து ஒடுங்கி மூலையில் உட்கார்ந்திருக்கிற குழந்தையையே 'சமத்து' என்று மெச்சிப் பழகியவர்கள் நாம். முயலை அப்படி மெச்சுவதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

சரி, ஐந்தாறு மணி நேரம் பயந்துவிட்டுப் போகட்டும், ஊர் போய்ச் சேர்ந்ததும் தெளிந்துவிடாதா? நாய்க்கு இது சரி. முயலின் வயிறு அப்படி அமைந்ததில்லை. அது நாள் முழுக்கக் கொறித்துக்கொண்டே இருக்க வேண்டிய பிராணி. உணவில் எண்பது சதவீதத்துக்குக் குறையாமல் புல்லும் உலர்புல்லுமாக இருக்க வேண்டும் என்பது அதனால்தான். (காரட் என்பது கார்ட்டூன்காரர்கள் மாட்டிவிட்ட பழக்கம். சர்க்கரை மிகுந்த தின்பண்டம் அது, சாப்பாடாகாது.) நார் உள்ளே போய்க்கொண்டிருந்தால்தான் குடல் நகரும். குருட்டுக்குடல் என்ற பெரிய பையில் நுண்ணுயிர்கள் புல்லைப் புளிக்கவைக்கின்றன. அங்கிருந்து வெளிவரும் மெத்தென்ற உருண்டைகளை முயல் நேரே வாயால் எடுத்துத் தின்று இரண்டாம் முறை செரிக்கிறது. இவ்வளவு நுணுக்கமாக ஓடுகிற காரியத்தைப் பயம் ஒரே அடியில் நிறுத்திவிடும். குடலசைவு மந்தமாகும், பசி போகும். தின்னாததால் குடல் இன்னும் மந்தமாகும். வாயு சேரும், வலிக்கும். வலிப்பதால் மேலும் தின்னாது. வாந்தியெடுத்து ஆசுவாசப்பட்டுக்கொள்ளவும் முயலால் முடியாது. பன்னிரண்டு மணி நேரம் ஒரு முயல் எதையும் தின்னவில்லை என்றால் மருத்துவர்கள் அதை அவசர நிலையாகப் பார்ப்பது இந்தச் சுழலுக்குப் பயந்துதான். சென்னையிலிருந்து மதுரை சுமார் 460 கிலோமீட்டர். பண்டிகைக்கு முந்தின நாள் பெருங்களத்தூரிலும் பரனூர் சுங்கச்சாவடியிலும் நிற்கிற நேரத்தைச் சேர்த்தால் பத்து மணி நேரம் சர்வசாதாரணம். போய்ச் சேர்ந்த இடத்தில், புது வாசனைகளுக்கு நடுவே, வாய் திறக்க அது இன்னும் மூன்று நான்கு மணி நேரம் எடுத்துக்கொண்டால் கணக்கு எங்கே போய் நிற்கிறது என்று நீங்களே கூட்டிப் பாருங்கள்.

"நாங்க நாலு தடவை கூட்டிட்டுப் போயிருக்கோம், ஒண்ணும் ஆகலையே" என்பது அடுத்து வரும் வாதம். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்ற பழமொழியை இந்த இடத்தில் அடக்கிக்கொள்வது கஷ்டம். அனுபவத்தை நான் இளப்பமாக எண்ணவில்லை. ஆனால் ஒன்றும் ஆகவில்லை என்று எதை வைத்துச் சொல்கிறோம்? சாகவில்லை என்பதை வைத்துத்தானே? முயல் நோயை மறைப்பதில் கைதேர்ந்தது. காட்டில் நொண்டுகிற முயலைத்தான் பருந்து முதலில் குறிவைக்கும் என்பதால், முடியாமல் போகும்வரை அது நன்றாக இருப்பதாகவே நடிக்கும். அதனால் அதன் முகத்தைப் பார்ப்பதில் பயன் குறைவு; புழுக்கையைப் பார்க்க வேண்டும். தெம்பான முயல் ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கில் போடும், பட்டாணி அளவில், உருண்டையாக, ஒரே மாதிரி, கையில் நசுக்கினால் உலர்ந்த புல்லாக உதிரும். அது சிறுத்து மிளகளவுக்கு வந்தாலும், ஒன்றோடொன்று முடியால் கோத்து வந்தாலும், எண்ணிக்கை குறைந்தாலும் உள்ளே ஏதோ தடைப்பட்டிருக்கிறது. பயணத்தின்போது இதை எண்ணுகிறவர் யார்? கூடையின் அடியில் விரித்த செய்தித்தாளைச் சுருட்டி வழியில் எறிந்துவிட்டுப் போகிறோம். கோளாறு பெரும்பாலும் ஊரிலேயே தலைகாட்டுவதும் இல்லை. திரும்பி வந்து ஒரு நாள் கழித்து முயல் சுருண்டு உட்காரும். பழியைக் கடைசியாகப் போட்ட கீரையின் மேலோ, தண்ணீரின் மேலோ, பக்கத்து வீட்டுக்காரர் கண்ணின் மேலோ போட்டுவிடுவோம். பயணத்தின் மேல் யாருக்கும் சந்தேகம் வராது.

வெயிலைப் பற்றிப் பேசாமல் தமிழ்நாட்டில் இந்தப் பேச்சு முடியாது. முயலுக்கு வியர்க்காது. நாயைப் போல நாக்கைத் தொங்கப்போட்டு இரைத்துச் சூட்டை ஆற்றிக்கொள்ளவும் அதற்குச் சரியாக வராது. அது மூக்கால் மூச்சு விடுகிற பிராணி, வாயைத் திறந்து மூச்சு வாங்குகிறது என்றால் நிலைமை கைமீறிக்கொண்டிருக்கிறது. காதுகளில் ஓடும் ரத்த நாளங்கள் விரிந்து சூட்டை வெளியே விடுவதுதான் அதன் முக்கிய வழி. சுற்றியுள்ள காற்று உடம்பைவிடக் குளிர்ச்சியாக இருந்தால்தான் அதுவும் பலிக்கும். 15 முதல் 20 டிகிரி செல்சியஸ் அதற்குச் சுகம். முப்பதை நெருங்கினாலே உடம்பு திணறத் தொடங்கும். மத்திய அரசின் செம்மறி ஆடு ஆராய்ச்சி நிலையத்தின் தென்மண்டல மையம், ஒயிட் ஜெயன்ட்டும் சோவியத் சின்சில்லாவும் வளர்க்கிற இடம், கொடைக்கானல் மேல்மலையில் மன்னவனூரில் இருக்கிறது. கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் முயல் வளர்க்கும் சாண்டிநல்லா நீலகிரியில் இருக்கிறது. இரண்டும் ஆட்டுக்காக ஏற்பட்ட இடங்கள்தான் என்றாலும், முயலும் அந்தக் குளிரில் வேர்பிடித்தது தற்செயல் என்று தோன்றவில்லை. சமவெளியில் பண்ணை வைத்திருப்பவர் கோடையில் கொட்டகைமேல் தென்னங்கீற்று வேய்ந்து ஈரச்சாக்கைத் தொங்கவிடுகிறார். வெப்பம் ஏறினால் கிடா முயலுக்கு விந்து கெடும், சினை பிடிக்காது என்பது அவருக்குத் தொழில் கற்றுக்கொடுத்த பாடம். பிழைப்புக்கு முயல் வளர்க்கிறவர் எடுத்துக்கொள்கிற இந்தக் கவலையைப் பாசத்துக்கு வளர்க்கிறவர் எடுத்துக்கொள்வதில்லை என்பதுதான் விசித்திரம்.

இந்த இடத்தில் ஒருவர் எழுந்து, "நம்ம ஊர்க் காட்டுல முயல் இல்லையா? ராமநாதபுரத்து வெயில்ல அது ஓடித் திரியலையா?" என்று கேட்பார். நல்ல கேள்விதான். ஆனால் அவர் சொல்கிற முயல் வேறு. நம் பொட்டல்களிலும் கொல்லைகளிலும் ஓடுவது பிடரியில் கறுப்புத் திட்டுள்ள காட்டு முயல். அது வளை தோண்டாது. புதர் ஓரத்தில் சிறு பள்ளம் பறித்துப் படுக்கும். அதன் குட்டி மயிரோடும் திறந்த கண்ணோடும் பிறக்கும். வீட்டு முயலின் குட்டி மொட்டையாக, கண் மூடியபடி பிறக்கும். காட்டு முயலுக்குக் குரோமோசோம் 48, வீட்டு முயலுக்கு 44. இரண்டும் கலந்து குட்டி போடாது. தமிழில் இரண்டுக்கும் ஒரே பெயர் வாய்த்ததால் ஒன்றின் தெம்பை மற்றொன்றின் தலையில் ஏற்றிவிடுகிறோம். (காட்டு முயலை வளர்ப்பதும் பிடிப்பதும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதையும் கையோடு சொல்லிவிடுகிறேன்.) கார் முழுக்க ஏசிதானே என்ற சமாதானமும் பாதிதான் செல்லும். கண்ணாடி வழியே வெயில் விழும் பக்கம் கூடை இருந்தால் முன்சீட்டில் குளிர்வது அதற்குத் தெரியாது. சாப்பிட வண்டியை நிறுத்துகிறோம். பத்து நிமிஷம்தான் என்று கண்ணாடியை லேசாக இறக்கிவிட்டுப் போகிறோம். வெளியே 24 டிகிரி இருக்கும்போதே, மூடிய காருக்குள் பத்து நிமிஷத்தில் 34ம் அரை மணியில் 43ம் ஆகிவிடும் என்பது அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கம் வெளியிட்டிருக்கும் அளவு. விக்கிரவாண்டியில் மே மாத மதியம் வெளியே 24 டிகிரியா இருக்கிறது? கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைப்பது பெரிதாக உதவாது என்பதையும் அளந்தே சொல்லியிருக்கிறார்கள்.

போய்ச் சேரும் இடத்துக்கு வருவோம். ஊர் வீட்டில் பாசத்துக்குக் குறைவிருக்காது, அதுவே பாதிச் சிக்கல். வந்திறங்கியதும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் சூழ்ந்துகொள்ளும். யாராவது ஒரு மாமா, முயலை எப்படித் தூக்க வேண்டும் என்று தமக்குத் தெரியும் என்று காதைப் பிடித்துத் தூக்கிக் காட்டுவார். முயலின் எலும்புக்கூடு அதன் எடையில் எட்டு சதவீதம்கூட வராது. பின்னங்கால் தசையோ முரட்டுத்தனமானது. பிடி சரியில்லாமல் ஓங்கி ஓர் உதை உதைத்தால் அது தன் இடுப்பு முதுகெலும்பைத் தானே முறித்துக்கொள்ளும், அதற்கப்புறம் பின்னங்கால்கள் எழாது. பிறகு நாய். முயல் பிடிக்கிற நாயை மூஞ்சியைப் பார்த்தால் தெரியும் என்பார்கள்; மூஞ்சியைப் பார்க்குமுன்பே வாசனையில் முயலுக்குத் தெரிந்துவிடும். அதிலும் தென்மாவட்டங்களுக்குப் போகிறவர்கள் யோசிக்க வேண்டும். கன்னியும் சிப்பிப்பாறையும் தலைமுறை தலைமுறையாக முயலைத் துரத்துவதற்கென்றே வளர்க்கப்பட்ட நாய்கள். அப்படி ஒன்று திண்ணையில் கட்டிக்கிடக்கும் வீட்டின் உள்ளறையில் கூடையை வைத்துவிட்டு, கதவு சாத்தித்தானே இருக்கிறது என்பது மனிதக் கணக்கு. அந்த நாய் வீட்டின் உண்ணி மருந்திலும் ஒரு வினை இருக்கிறது. நாய்க்குக் கழுத்தில் விடும் சொட்டு மருந்துகளில் பலவற்றில் ஃபிப்ரோனில் உண்டு. நாய்க்கு அது மருந்து, முயலுக்கு விஷம். முயலுக்கும் உண்ணி ஏறாமல் இருக்கட்டும் என்று நல்லெண்ணத்தோடு ஒரு சொட்டு விட்டாலே போதும்.

அங்கே முயலுக்கு முடியாமல் போனால் யாரிடம் காட்டுவது என்பதை இந்தப் பேச்சில் எவரும் எடுப்பதில்லை. சென்னையில் வேப்பேரியில் 1903இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, முயலைப் பார்த்துப் பழகிய தனியார் மருத்துவர்கள் சிலரும் இருக்கிறார்கள். சிற்றூரின் கால்நடை மருந்தகம் மாட்டுக்கும் ஆட்டுக்கும் கோழிக்குமானது. அங்கிருக்கும் மருத்துவர் கெட்டிக்காரராகவே இருக்கலாம், ஆனால் முயல் அவர் அன்றாடம் பார்க்கிற நோயாளி இல்லை. முயல் விஷயத்தில் சின்னத் தவறுக்கும் மன்னிப்பில்லை. நாய்க்கும் குழந்தைக்கும் சாதாரணமாகக் கொடுக்கிற அமாக்சிசிலினை முயலுக்கு வாய்வழி கொடுத்தால், குருட்டுக்குடலில் புல்லைச் செரித்துக்கொண்டிருந்த நல்ல நுண்ணுயிர்கள் செத்து, கெட்டவை பெருகி, நஞ்சு கக்கி, சில நாளில் முயல் போய்விடும். வீட்டு மருந்துப் பெட்டியில் இருக்கிற ஆன்டிபயாடிக்கை அரை மாத்திரையாக உடைத்துக் கொடுக்கிறவர்களை நினைத்தால் இன்னும் பயமாக இருக்கிறது. பழகிய மருத்துவரிடமிருந்து 460 கிலோமீட்டர் தள்ளிப் போவதும் முயலுக்கு ஒரு இழப்புதான்.

இனி, எதிர்த்தரப்பின் பலமான வாதம்: தனியாக விட்டால் ஏங்கிப் போகாதா? முயலுக்குத் துணை வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் அது தேடுகிற துணை இன்னொரு முயல். குடும்பக் கட்டுப்பாடு செய்த ஒரு ஜோடி ஒன்றாக வளரும் வீட்டில், நாம் இரண்டு நாள் இல்லாதது அவற்றுக்குப் பெரிய விஷயமில்லை. ஒன்றின் முகத்தை மற்றொன்று நக்கிக்கொண்டு கிடக்கும். ஒற்றை முயலாக வளர்க்கிறவர்களுக்கு இந்தக் கேள்வி உறுத்துகிறது என்றால், அது வருஷம் 365 நாளும் உறுத்த வேண்டிய கேள்வி. பொங்கலுக்கு மட்டும் எழுவது நியாயமில்லை. முயலுடைய நாளின் போக்கையும் கவனியுங்கள். அது விடியலிலும் அந்தியிலும் துள்ளுகிற பிராணி. காலை பத்து மணியிலிருந்து மாலை நாலு மணிவரை பெரும்பாலும் கட்டிலடியில் படுத்துக் கிடக்கும். நாம் அலுவலகத்தில் இருப்பதும் அந்த நேரம்தான். அதற்கு உற்சாகமான இரண்டு வேளைகளில் ஓர் ஆள் வந்து, அரை மணி தரையில் உட்கார்ந்து, தீனி வைத்து, நாலு வார்த்தை பேசிவிட்டுப் போனால் அதன் அன்றாடத்தில் பெரிதாக எதுவும் குறைந்துவிடாது. ஏங்குகிறது என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு நம்முடைய ஏக்கம். தப்பில்லை, பாசம் வைத்தவருக்கு ஏக்கம் வரத்தான் செய்யும். அந்த ஏக்கத்துக்கு மருந்தாக முயலைக் கூடையில் அடைப்பதைத்தான் தப்பு என்கிறேன்.

"வந்து பார்க்க யார் இருக்கா?" என்பது இதைவிட நேர்மையான கேள்வி, இதற்கு எளிதான பதில் கிடையாது. எதிர்ஃபிளாட்டில் இருப்பவர் பெயரே தெரியாமல் ஐந்து வருஷம் குடியிருக்கிற நகரம் இது. ஆனால் அதே ஃபிளாட்டில் வீட்டு வேலைக்கு வருகிற அம்மா இருக்கிறார். கீழே வாட்ச்மேன் இருக்கிறார். முயல் என்றால் ஓடி வருகிற கல்லூரிப் பிள்ளை இரண்டு மாடி மேலே இருக்கிறார். நாள் கூலி பேசி, ஒரு வாரம் முன்பே இரண்டு முறை கூப்பிட்டுப் பழக்கிக் காட்டினால் இவர்களில் ஒருவர் நிச்சயம் தேறுவார். கூலி கொடுக்கத் தயங்குகிறவர்கள், நெடுஞ்சாலையில் ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு என்ன ஆகிறது என்று பார்த்துக்கொள்ளட்டும். செல்லப்பிராணி விடுதியில் விடுவது கடைசி வழி. நாலு நாய் விடிய விடிய குரைக்கிற கூடத்தில் கூண்டு வைப்பார்கள் என்றால் அது வழியே இல்லை. ஆள் யாருமே கிடைக்காமல், வாளி நிறையத் தீனி போட்டு இரண்டு நாள் பூட்டிவிட்டுப் போவதா, கூட்டிப் போவதா என்ற நிலை வந்தால் கூட்டிப் போவதுதான் மேல் என்று ஒப்புக்கொள்கிறேன். இருபத்துநாலு மணி நேரத்தில் இரண்டு தடவை மனிதக் கண் படாத முயல் பத்திரமாக இல்லை. தண்ணீர்க் குப்பியின் குண்டு அடைத்துக்கொள்ளும், மின்சாரம் போய் விசிறி நிற்கும், ஒயரைக் கடிக்கும். ஆனால் யாரும் கிடைக்கவில்லை என்று சொல்கிற பத்துப் பேரில் எத்தனை பேர் யாரையாவது கேட்டுப் பார்த்தார்கள் என்பது வேறு விஷயம்.

பழக்கினால் பழகிவிடும் என்பவர்களுக்கும் பாதி நியாயம் உண்டு. கூடை, பயணக்கூண்டு என்றால் ஓடாமல் இருக்க முயலைப் பழக்க முடியும், பழக்கத்தான் வேண்டும். கூண்டைத் திறந்தே அறையில் போட்டு, உள்ளே உலர்புல் வைத்து, அது தானாகப் போய்ப் படுத்துத் தூங்குகிற அளவுக்கு வாரக்கணக்கில் விட்டுப்பிடிக்க வேண்டும். ஏனென்றால் மருத்துவரிடம் போக வேண்டி வரும், வீடு மாற வேண்டி வரும். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையில் வெள்ளம் வந்ததுபோல் இன்னொரு முறை வந்தால், ஐந்து நிமிஷத்தில் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டி வரும். அப்போதெல்லாம் பயத்தைவிடப் பெரிய காரணம் இருக்கிறது. ஜோடி முயலாக இருந்தால் இரண்டையும் சேர்த்தே தூக்க வேண்டும், பிரித்தால் திரும்ப ஒட்டுவது சிரமம். மருத்துவரிடம் போய்வரும் அரை மணிப் பயணத்தைத் தாங்கப் பழகியது என்பதால் குற்றாலச் சாரலைப் பார்க்கவும் அது தயார் என்று ஆகிவிடாது. வருஷத்துக்கு மூன்று முறை நீண்ட பயணம் அடித்துப் பழக்குவதாகச் சொல்வதும் பழக்கம் ஆகாது. ஒவ்வொரு முறையும் புதிதாகப் பயப்படுத்துகிறோம், அவ்வளவுதான். இருபது நாள், ஒரு மாதம் என்று போகிறவர்கள் கணக்கு வேறு. அங்கே போய் நிலைத்து ஒரு மூலையைத் தன்னுடையதாக்கிக்கொள்ள முயலுக்கு அவகாசம் கிடைக்கும். சனி, ஞாயிறுக்குப் போகிறவரின் முயல் பட்டா போட்டு முடிப்பதற்குள் திரும்பும் நேரம் வந்துவிடும்.

ஏற்பாடு என்பதையும் அலட்சியமாகச் செய்துவிடக் கூடாது. வழக்கமாகத் தின்கிற உலர்புல், அருகம்புல், வேலிமசால் எதுவானாலும் அதையே போதிய அளவு வாங்கி வைத்துவிட்டுப் போங்கள். ஊருக்குப் போகிற சந்தோஷத்தில் புதுக் கீரை எதையும் அறிமுகப்படுத்த வேண்டாம். தண்ணீர் இரண்டு இடத்தில் இருக்கட்டும், ஒன்று கனமான மண்கிண்ணமாக இருந்தால் நல்லது. கோடையானால் தரையில் ஒரு ஈர டைல்ஸோ, துணி சுற்றிய பனிக்கட்டிப் புட்டியோ. மருத்துவர் எண்ணைக் குளிர்சாதனப் பெட்டிமேல் ஒட்டுங்கள், கூடவே வண்டிச் செலவுக்குக் கொஞ்சம் பணமும். பிறகு சாவியைக் கொடுத்துவிட்டு நிம்மதியாகக் கிளம்புங்கள். ஊரிலிருந்து போன் போட்டால் "எங்களைத் தேடுதா?" என்று கேட்காதீர்கள், வந்து பார்க்கிறவர் பாவம், உங்களைத் திருப்திப்படுத்த ஆமாம் என்பார். காலையில் எத்தனை புழுக்கை கிடந்தது, என்ன அளவில் கிடந்தது என்று கேளுங்கள்.